புதுப்பிப்பு: அப்பாவின் கை நடுக்கத்தைக் கைப்பேசியால் அளந்தோம்

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவுக்கு பார்க்கின்சன் (கை கால் நடுங்கும் நரம்பு நோய்). ஈப்போ கிளினிக்கில் டாக்டர் பார்ப்பது பத்து நிமிடம். வீட்டில் நாள் முழுக்க நடுங்குவதை எப்படி அளந்து காட்டுவது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஃபைஃபாக்ஸ் செயலியைச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. கைப்பேசியின் உணரிகளால் அசைவை அளக்கும் செயலி அது. இலவசம்; ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. முதலில் அப்பா கைப்பேசியைக் கையில் பிடித்தார், சரிவரவில்லை. பிடிக்கும்போது கை ஓய்வில் இல்லையே, நடுக்கம் அடங்கிவிடுகிறது. அப்புறம் புறங்கையில் துணிப்பட்டையால் கட்டி, கையை நாற்காலிக் கைப்பிடியில் சும்மா வைத்தோம். நொடிக்கு எத்தனை தடவை, எவ்வளவு பலமாக நடுங்குகிறது என்று காட்டும் வரைபடத்தில் 5 தடவை என்ற இடத்தில் தெளிவான முகடு. பார்க்கின்சன் ஓய்வு நடுக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 தடவைதான்.

எதிர்பாராதது ஒன்று. மருந்து போட்டு ஒரு மணி நேரத்தில் முகடு நன்றாகத் தாழ்ந்தது, ஆனால் இடம் மாறவில்லை. கடுமையைக் காட்டுவது வீச்சுதான் (நடுக்கம் எவ்வளவு பெரிது என்பது), வேகம் அல்ல. மனசுக்கு வேலை கொடுக்க, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும் மறுபடி உயர்ந்தது. நாற்பது வருஷம் பால்மரம் சீவிய கை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வரைபடங்களைப் பார்த்து டாக்டர் லெவோடோபா (அப்பாவின் பார்க்கின்சன் மருந்து) போடும் வேளையை மாற்றியிருக்கிறார். அளப்பவர்கள் எப்போதும் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.