பவர் பிரஸ் ஆபரேட்டரை எப்படிப் பார்த்து எடுக்கிறீர்கள்?

நண்பர்களே, எங்கள் பட்டறைக்கு ஒரு பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும், வடிவம் கொடுக்கும் மெஷின்) ஆபரேட்டர் வேண்டும். ஆள் அனுப்பச் சொல்லவில்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றுதான் கேட்கிறேன்.

பாதி நேரம் மெஷின், மீதி நேரம் ஷீட் தூக்குவது, ஸ்கிராப் அள்ளுவது. இதைச் சொன்னதுமே அனுபவசாலிகள் "நான் ஆபரேட்டர், ஹெல்ப்பர் இல்லை" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. மறைத்து எடுத்தால் ஆள் நிலைக்கமாட்டார்.

சான்றிதழைவிட, டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றச் சொல்லிப் பார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் (பிரஸ்ஸை இயக்கும் கனமான சக்கரம்) சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அந்தச் சக்கரத்தை ராமோடு (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இணைக்கும் கிளட்ச் பிடித்தால் ராம் இறங்கிவிடும். ஃப்ளைவீல் முழுசாக நிற்கும்வரை காத்திருக்கிறாரா, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் (ராம் இறங்காமல் தாங்கும் கட்டை) வைத்த பிறகு கையை உள்ளே விடுகிறாரா என்று பார்ப்பேன். இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் அடிக்கும் இரு கை பட்டனில் ஒன்றைக் கட்டிவைத்து ஓட்டுகிறவர் எத்தனை பீஸ் அடித்தாலும் வேண்டாம். (வேகத்தைக் காட்ட இப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்!)

இப்போது உங்களிடம் கேட்பது: சோதனை வேலைக்குக் கூலி கொடுக்கிறீர்களா? ஓட்டுவதும் சுமப்பதும் கலந்த வேலைக்கு என்ன பதவிப் பெயர் போடுகிறீர்கள்? புது ஆளை எப்போது தனியாக மெஷினில் விடுகிறீர்கள்? பிரஸ் ஷாப் நடத்துகிறவர்களும், முக்கியமாக ஆபரேட்டர்களும் சொல்லுங்கள்.