சிசேரியனோடு கு.க. ஆபரேஷன் செய்யலாமா, தனியாகச் செய்வது நல்லதா?

மல்லிகை:
தங்கைக்கு ரெண்டாவது பிரசவம், அடுத்த மாதம் சிசேரியன். அப்போதே கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்கிறாள். மாமியார் வீட்டில் 2 மாதம் கழித்து லேப்ராஸ்கோப்பில் செய்யலாமே என்கிறார்கள். எது சரி? பிறகும் கரு தங்குமா? கணவர் கையெழுத்து கட்டாயமா?

தியேட்டர் சிஸ்டர்:
வயிறு திறந்திருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு வெட்டு மிச்சம். கர்ப்பப்பையைத் தைத்தபின், கருக்குழாயின் நடுப்பகுதியை மடித்துத் தூக்கி, அடியில் கரையும் நூலால் கட்டி, மேலே உள்ள மடிப்பை வெட்டி எடுப்பார்கள். போமராய் முறை. நூல் கரைந்ததும் ரெண்டு முனையும் விலகிப் போகும். கரையாத நூல் போடாததற்குக் காரணம் அதுதான்.

லேப்ராஸ்கோப்பில் குழாயை மடித்து வளையம் மாட்டுவது பிரசவமாகி 6 வாரம் கழித்துத்தான். அதுவரை குழாய் வீங்கித் தடித்திருக்கும். வளையத்துக்குள் இழுத்தால் கிழிந்து ரத்தம் கசியும். சுகப்பிரசவம் என்றால் 7 நாளுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் முடிக்கலாம்.

வைகைக்கரை:
அரசு விதிப்படி கணவர் கையெழுத்து தேவையில்லை, அவள் கையெழுத்து போதும். வயது 22 முதல் 49, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும்போது கையெழுத்து வாங்குவது பெரிய தவறு. செக்கப்புக்குப் போகும்போதே நிதானமாகப் படித்துப் போடட்டும். பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது சிக்கல் என்றால் ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். குழாயைத் திரும்ப இணைக்கலாம்தான், ஆனால் அதை நம்பி இதற்குச் சம்மதிக்கக் கூடாது.

கணவர் சம்மதித்தால் வாசக்டமி (ஆண்களுக்கான கு.க.) இதைவிடச் சின்ன ஆபரேஷன். 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு தடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

மல்லிகை:
தாய்ப்பால் குறையுமா? மாதவிலக்கு மாறுமா?

தியேட்டர் சிஸ்டர்:
ரெண்டும் இல்லை. ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். அதைத் தொடுவதே கிடையாது.

கரு தங்குமா என்று கேட்டீர்களே, அபூர்வமாகத் தங்கும். 1996இல் வெளியான அமெரிக்க கிரெஸ்ட் ஆய்வில், எல்லா முறைகளும் சேர்த்து 10 ஆண்டில் 1000 பேரில் 18, 19 பேருக்குத் தங்கியது. பிரசவத்தை ஒட்டிக் குழாயை வெட்டி எடுத்தவர்களில் 1000க்கு 7, 8 பேர். முனைகள் தாமே ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். இன்னொன்று, குழாய் என்று நினைத்துப் பக்கத்திலுள்ள தசைநாரைக் கட்டிவிடுவது. விரல்விரலாக விரியும் நுனிவரை குழாயைத் தொடர்ந்து பார்த்தபின் கட்டினால் இந்தத் தவறு நடக்காது.

அப்படித் தங்கும் கருவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று குழாயிலேயே வளரும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் எத்தனை வருஷம் ஆனாலும், நாள் தள்ளிப்போனால் “ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே” என்று விடாமல் உடனே சிறுநீர் டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் அன்றே ஸ்கேன். ஒருபக்க அடிவயிற்று வலியோடு தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ இருந்தால் டெஸ்டுக்குக்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடணும்.

வைகைக்கரை:
ஆபரேஷன் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கரு தங்கினால் அரசு இழப்பீட்டுக்கு 90 நாளுக்குள் மனு கொடுக்கணும். அந்தத் தாள் இல்லாமல் அலைபவர்கள் நிறையப் பேர்.