குடியில் ஆளைப் பறிகொடுத்து, பிறகு ஊருக்காக நின்றவர்கள்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

மேட்டுக்காட்டான்:

2017 ஏப்ரல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், ரோட்டோரக் கடைகள் எல்லாம் ஊருக்குள் வர ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய கோழிப்பண்ணை ஷெட்டைப் பிடித்தார்கள். பெண்கள் பந்தல் போட்டுப் பத்து நாள் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றது எங்கள் தெரு அக்கா. அவர் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒன்றரை வருடம். மஞ்சள் காமாலை என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். என்ன காமாலை என்று எல்லோருக்கும் தெரியும்.

பதினோராம் நாள் தாசில்தார் ஜீப்பில் வந்தார். இறங்காமலே, "எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன்" என்றார். கூட்டத்தில் ஒரே சத்தம். அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்த அடகு ரசீதுகளை ஜீப் பானெட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். "இது என் தோடு. இது எங்க மாமியா கொலுசு. இது பெரியவ சீருக்கு எங்கண்ணன் போட்ட செயின். இது அண்டா." காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜல்லிக் கல். கீழே குனிந்து கல் பொறுக்கிக் கொடுத்தது அவருடைய சின்ன மகள். மொத்தம் பதினாலு ரசீது. "இன்னும் என்னங்க எழுதணும்? இதுலயே தேதி போட்டிருக்கு" என்றார்.

அதுவரை ஓடிக்கொண்டே இருந்த இன்ஜினை டிரைவர் அப்போதுதான் அணைத்தார்.

கடை அங்கே வரவில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது அதில்லை. அந்தச் செயினை அடகு வைக்கப் போன அன்று அவர் வீட்டுக்காரரை என் வண்டியில் கூட்டிப் போனது நான்தான். ஆஸ்பத்திரிச் செலவு என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். ரசீதை வைக்கும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோமுகிக்கரை:

மேட்டுக்காட்டான், உங்கள் அக்காவைக் கும்பிடுகிறேன். ஆனால் கடை வரவில்லை என்பதோடு கதை முடிந்த மாதிரி எழுதாதீர்கள். நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கூலி வேலை செய்தவர்கள். அரசுக் கடையில் குவார்ட்டர் வாங்கக் கட்டுப்படியாகாமல் பாக்கெட் வாங்கியவர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்து பந்தல். ஒரு வீட்டு ஒப்பாரி அடங்குவதற்குள் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கும். அந்தத் தெருவில் நடந்தவன் எவனும் "கடையை மூடு" என்ற ஒற்றை வரியோடு நிறுத்த மாட்டான்.

எங்கள் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். புருஷன் இதே மாதிரிப் பாக்கெட்டில் போய்ப் பல வருடம் ஆகிறது. கருணாபுரத்துக்கு ரொம்ப முன்னால். அப்போது இழப்பீடும் இல்லை, செய்தியும் இல்லை. அவர் விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பார். யார் எங்கே பாக்கெட் புதைத்து வைக்கிறார்கள் என்று பார்த்து, குத்தி ஊற்றிவிட்டு வருவார். கையில் கோணி ஊசி. ஒருநாள் அவரோடு போனேன். மண்ணைத் தோண்டிப் பாக்கெட்டை எடுத்தவர், குத்துவதற்கு முன் கொஞ்சம் முகர்ந்தார். "என்னம்மா பண்றீங்க?" என்றேன். "அன்னைக்கு அவரு வாயில அடிச்ச வாடை இதுதானான்னு ஒவ்வொண்ணுலயும் பாக்குறேன் தம்பி. இன்னும் கெடைக்கல" என்றார்.

என்னால் வீடு வரை பேச முடியவில்லை.

பழைய ரைட்டர்:

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சர்வீஸின் கடைசி வருடம். ராத்திரி பத்து மணி இருக்கும். அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மா, அடிபட்ட ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்திருந்தது. குடித்துவிட்டுப் புருஷன் டம்ளரால் அடித்திருக்கிறான். அந்த அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். மகளைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் அடி விழுந்தாலும் போய் நிற்பவர். குழு வைத்து, அடிபட்ட பெண்களுக்கு ஆட்டுக்குட்டி, தையல் மிஷின் என்று கடன் ஏற்பாடு செய்து கொடுப்பவர். சொந்தக் காலில் நிற்க வழியில்லாதவள் அடித்தவனிடமே திரும்பிப் போவாள் என்று சொல்வாராம்.

நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "காலையில மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கம்மா, குடும்ப விவகாரம்."

அவர் பெஞ்சில் உட்காரவில்லை. என் மேஜைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அய்யா, போன தடவையும் நீங்கதான் இருந்தீங்க. எம்மகளைக் கூட்டிட்டு வந்தப்ப. இதே வார்த்தைதான் சொன்னீங்க. இந்தத் தடவையாவது ரசீது போட்டுக் குடுங்க."

கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ரேஷன் கடையில் பில் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு அவர் மகளை நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. அந்த மாதிரி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

சட்டத்துணை:

ரைட்டர் அய்யா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என் அனுபவம் சின்னது. என் அத்தை இப்படித்தான் ஊரைத் திரட்டினார். மனு மேல் மனுவாக மூன்று வருடம் அலைந்தார். அவர் எழுதிய மனுக்களின் நகல் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கேட்டபோது, "ஆபீஸ்ல இருக்கும்ல" என்றார். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் நான் சட்டம் படித்தேன்.

எனவே, யாராவது இப்போது இதே நிலையில் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் கிளம்பாதீர்கள். காயம் கடுமையாக இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், அதன் நகல் இலவசம். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள், பிறகு கோர்ட்டில் அதுதான் எதிரே வந்து நிற்கும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்பதே இல்லை. மாவட்டச் சமூகநல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரை நேரே அணுகலாம். அதே வீட்டில் தங்கும் உரிமை, ஜீவனாம்சம், பக்கத்தில் வரக் கூடாது என்ற உத்தரவு எல்லாம் அதில் கேட்கலாம். ராத்திரி நேரமானால் 181க்குப் போன் செய்யுங்கள்.

கடை விஷயத்துக்கு: 2003ஆம் ஆண்டு விதிகளின்படி கோயில், பள்ளியிலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். டேப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்து மனுவோடு சேருங்கள். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுவது நல்லது, ஆனால் தீர்மானம் போட்டதாலேயே கடை மூடிவிடாது. அதன் நகலை வைத்துக்கொண்டு தொடர்ந்து போக வேண்டும். நகல், நகல், நகல். எங்கள் அத்தைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சீமைக்கருவேலம்:

சட்டத்துணை, நல்லதுதான், ஆனால் யாரும் கேட்கவில்லையே. காகிதம் இல்லாததாலா அந்த அம்மாவின் மகள் போனாள்? எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுதாததால் போனாள்.

கோமுகிக்கரைக்கு ஒன்று. கடை மூடுவதால் பயனில்லை என்கிற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் ரோசம்மாவும் மற்றப் பெண்களும் சாராயக் கடையை மூடவைத்தபோதும் இதே பேச்சைத்தான் பேசினார்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் அவர்கள். அந்த நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் ஆந்திராவில் சாராயம் தடை ஆனது. பிறகு வந்த முழு மதுவிலக்கு நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கூலிப் பணம் வீட்டுக்கு வந்த அந்தச் சில வருடங்களை அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கோமுகிக்கரை:

பயனில்லை என்று நான் சொல்லவே இல்லை. மூடிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள் என்றேன். திரும்பப் படியுங்கள்.

இரண்டாவது மகள்:

எல்லோரும் வெளியிலிருந்து பார்த்ததை எழுதுகிறீர்கள். நான் அப்படி ஒரு அம்மாவின் வீட்டுக்குள் வளர்ந்தவள்.

அண்ணனுக்கு 22 வயது. கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வண்டியில் வந்தான், பாலத்துச் சுவர். அதற்குப் பிறகு அம்மா ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஒருத்தியை அவள் புருஷன் அடித்துக்கொண்டிருந்தபோது போய்க் கதவைத் தட்டினார். அன்று ஆரம்பித்தது. இப்போது 40 பெண்கள் குழுவில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாயங்காலப் படிப்பு, சீட்டு, எல்லாம் அம்மாதான். ஊரில் பெரிய மரியாதை.

நான் சொல்ல வந்தது போனைப் பற்றி. அண்ணன் போனை அம்மா தூக்கிப் போடவில்லை. அந்த நம்பரைத்தான் குழுப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று. மாதா மாதம் ரீசார்ஜ் செய்வது நான். அண்ணன் வைத்த ரிங்டோனை இன்னும் மாற்றவில்லை. நடுராத்திரி அது அடிக்கும். அம்மா எழுந்து இருட்டில் காலால் செருப்பைத் துழாவுவார். நான் கண்ணை மூடியே படுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி, அவன் வந்துவிட்டான் என்றே தோன்றும். அப்புறம் அம்மா குரல் கேட்கும்: "எந்திரிச்சு வெளிய வாடி, தெருவுல நில்லு, நான் வர்றேன்."

ரிங்டோனை மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டேன். "அது அடிச்சாத்தான் எனக்குக் காலு நடக்குது" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. துக்கத்தைச் செயலாக்கினார் என்று மேடையில் பேசுகிறவர்கள் பொன்னாடை போர்த்துகிறார்கள். எங்கள் வீட்டில் துக்கம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வேலையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேட்டுக்காட்டான்:

தங்கச்சி, இதைப் படித்த பிறகு அக்காவிடம் போய்ச் செயின் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. பதினாலில் பதிமூன்றை மீட்டுவிட்டார் என்று கேள்வி. செயின் ஏலத்தில் போய்விட்டது.

சீமைக்கருவேலம்:

ரைட்டர் அய்யா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கடைசியில் ரசீது போட்டீர்களா, இல்லையா? அதை எழுதவே இல்லையே.

பழைய ரைட்டர்:

போட்டேன். 11.40 மணிக்கு. அந்த அம்மா வாங்கி, எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டு, பெண்ணின் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்றார். கிழித்துவிட்டு மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அந்தப் பெண் புகாரை வாபஸ் வாங்க வந்தாள். பின்னாலேயே அந்த அம்மாவும் வந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே இடத்தில், தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் என் மேஜை முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.