செம்புக்கு நாடு தழுவிய கணக்கு தேவையா?

கம்பிச்சுருள்:
எவ்வளவு செம்பு உற்பத்தியாகிறது, எவ்வளவு இறக்குமதியாகிறது என்பதற்கெல்லாம் நாடுகளிடம் கணக்கு இருக்கிறது. சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் மோட்டார்களிலும் எவ்வளவு கிடக்கிறது என்பதற்குத்தான் பெரும்பாலும் இல்லை. நாளை வரப்போகும் பழைய செம்பு அங்கேதான் இருக்கிறது. அதையும் அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும் என்கிறேன்.

தராசு:
ஏற்க முடியவில்லை. செம்புக்கு விலை இருக்கிறது. கணக்கெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காயலாங்கடைக்கு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் கேட்பது கணக்கே இல்லை, அனுமானம். வீட்டுக்கு இத்தனை கிலோ, காருக்கு இத்தனை கிலோ, ஆயுள் இத்தனை ஆண்டு என்று வைத்துப் பெருக்குவார்கள். ஆயுளை 30க்குப் பதில் 40 ஆக்கினால் விடையே மாறிவிடும். அந்தப் பணத்தில் பழைய மின்சாதனங்களைச் சேகரிக்கலாம்.

கம்பிச்சுருள்:
ஆயுள் பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் இரண்டு வழியில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று, பல ஆண்டுகளாக உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழிப்பது. மற்றது, கட்டடம், வண்டி, மின்மாற்றி என்று நேரடியாக எண்ணுவது. இரண்டு விடைக்கும் நடுவே இடைவெளி வந்தால், மண்ணுக்குள் செத்துக் கிடக்கும் பழைய கேபிள்கள் அதில் இருக்கலாம். தோண்டும் கூலி செம்பின் விலையைத் தாண்டினால் அவற்றை யாரும் எடுக்கப் போவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிரேடல் குழு 1994ஆம் ஆண்டுத் தரவை வைத்து நாடு நாடாகச் செம்பின் ஓட்டத்தை வரைந்து காட்டியது. செய்ய முடியாத வேலை இல்லை.

அப்புறம் மறுசுழற்சி விகிதம். 30 ஆண்டுக்கு முன் 100 டன் பயன்படுத்திய நாடு இன்று 250 டன் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று போட்டது ஒரு கிராம் விடாமல் இன்று திரும்பினாலும், புதிய பயன்பாட்டில் அது 40 சதவீதம்தான். இருப்புக் கணக்கு இல்லாதவர் அந்த 40ஐப் பார்த்துச் சேகரிப்பு மோசம் என்பார். ஆலையில் வெட்டி விழும் துண்டுகளை மறுசுழற்சியில் சேர்த்தாலோ எண் ஏறிவிடும். ஒரு பழைய கம்பிகூடத் திரும்பியிருக்காது.

வார்ப்படம்:
தராசு ஐயா, விலை இருந்தால் வந்து சேரும் என்பது பாதி உண்மைதான். காரை அப்படியே நொறுக்கும்போது சின்ன மோட்டார்களும் ஒயர்களும் இரும்போடு போய்விடுகின்றன. எஃகு உருக்கும்போது செம்பை எரித்துப் பிரிக்க முடியாது. அதற்கு முன் இரும்புதான் ஆக்ஸிஜனோடு சேரும். தங்கிவிட்ட செம்பு, சூடாக உருட்டும்போது எஃகின் மேற்பரப்பில் விரிசல் விடவைக்கும். செம்பும் போனது, எஃகும் கெட்டது.

ஆனால் கம்பிச்சுருள், டன் கணக்கு மட்டும் உருக்குபவர்களுக்கு உதவாது. தூய கம்பியா, ஈயம் கலந்த பித்தளையா என்று தரம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தராசு:
இரும்போடு போவதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சுங்கத்தில் பிரிட்ஜ் இத்தனை என்றுதான் பதிவாகிறது, உள்ளே எவ்வளவு செம்பு என்று இல்லை. அந்த ஓட்டையோடு ஆண்டுதோறும் எண் வெளியிட்டால், அதை நம்பித் தப்பான இலக்கு வைப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

கம்பிச்சுருள்:
இருப்பு மெதுவாகத்தான் மாறும், அதற்கு ஐந்தாண்டு சரி. பழைய செம்பின் வரத்தும் ஏற்றுமதியும் விலையோடு ஏறி இறங்குபவை. அவை ஆண்டுதோறும் வேண்டும். கார் நொறுக்கும் ஆலைகளில் இருந்து தொடங்கலாம்.