வளர்ச்சித் தட்டா, வளர்குருத்தா?

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களுக்கு எலும்பு அறுவை செய்யும் மருத்துவருக்கும், 'க்ரோத் பிளேட்' எனப்படும், வளரும் எலும்பு நீளுகிற பகுதிக்கும் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் கடலூர் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> மருத்துவரை 'சிறார் விளையாட்டு முடநீக்கியல் வல்லுநர்' என்றும், க்ரோத் பிளேட்டை 'வளர்ச்சித் தட்டு' என்றும் முடித்துவிடலாம்.

கடலூர் ஐயாவின் இரண்டு சொற்களிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

'முடநீக்கியல்' அரசு மருத்துவமனைகளில் நிலைத்த சொல். போலியோ காலத்தில் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் கபடியில் முட்டி பிசகி வந்த பிள்ளையின் சீட்டில் 'முட' என்று கண்டதும் பெற்றவர்களுக்குப் பக்கென்று ஆகிறது. 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கியபோது 'நேர்', 'குழந்தை' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொற்களைத்தான் சேர்த்தார். முடம் அதில் இல்லை. 'சிறார் விளையாட்டு எலும்பியல் அறுவை மருத்துவர்' என்போம். நீளம்தான். எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.எஸ்., அதற்குமேல் குழந்தை எலும்புக்கும் விளையாட்டுக் காயத்துக்கும் தனிப் பயிற்சி என்று வருகிறவருக்கு அந்த நீளம் தகும்.

என் பெரிய கவலை 'தட்டு'. நான் புதுச்சேரியில் பிசியோதெரபி பார்ப்பவள். 'வளர்ச்சித் தட்டில் அடி' என்றால் 'பிளேட் வைக்கணுமா?' என்றுதான் கேட்கிறார்கள். எலும்புக்குள் வைக்கும் உலோகத்தகடுதான் அவர்கள் அறிந்த பிளேட்.

சிறுபிள்ளையின் முட்டி எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கீழ்முனைக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கருங்கோடு தெரியும். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதன்மேல் விரல் வைத்து, "இதோ விரிசல் விட்டிருக்கே" என்றார். அடிபடாத காலின் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில் அதே கோடு. எலும்பு நீளுகிற இடம் அது, இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் வெள்ளையாக விழாது என்றேன். "குருத்தா? அப்ப இன்னும் முத்தலையா?" என்றார். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

ஆகவே 'வளர்குருத்து' என்று முன்மொழிகிறேன். வளர்பிறை போல வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. மூட்டுப் பரப்பில் இருப்பதை 'மூட்டுக்குருத்து' என்று பிரித்துவிட்டால் குழப்பம் வராது. கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன: முற்றாத வளர்குருத்து, வளர்குருத்து முறிவு. சால்ட்டர், ஹாரிஸ் என்ற மருத்துவர்கள் 1963இல் இம்முறிவுக்கு வகுத்த ஐந்து வகைகளையும் முதல்வகை, இரண்டாம்வகை என்று ஒட்டிச் சொல்லலாம்.

அறுவையின் நுட்பமும் இச்சொல்லால் விளங்கும். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்த பெரியவருக்கு எலும்பைத் துளைத்துப் புது ஜவ்வைப் பொருத்துவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே துளை வளர்குருத்தைக் குலைத்தால் கால் குட்டையாகலாம், கோணலாகவும் வளரலாம். அதனால் மருத்துவர் குருத்தைத் தொடாமல் வழி தேடுவார், அல்லது துளையைச் சிறிதாக்கி எலும்புத்துண்டு இல்லாத மென்திசுவை மட்டும் அதன் வழியே செலுத்துவார். முட்டியருகே குருத்து பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14–15 வயதிலும், பையன்களுக்கு 16–17 வயதிலும் முற்றும். அதுவரை இந்தக் கவனம் வேண்டும்.

இன்னொன்றுக்குச் சொல் அகப்படவில்லை. முட்டிக்குக் கீழே தசைநாண் பற்றியிழுக்கும் எலும்பு மேடு, ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வீங்கி வலிக்கும். ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற மருத்துவர்கள் இருவரும் 1903இல் தனித்தனியே விவரித்தது அது. அந்த மேட்டை 'இழுமேடு' எனலாமா? கடலூர், சிதம்பரம் பக்கம் கபடிப் பயிற்சியாளர்கள் அந்த வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள்.