ஜாங்கோ: ஒரே படிவத்தில் பில்லும் பொருள் வரிசைகளும், காலி வரிசைச் சிக்கல்

வணக்கம். ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பில்லுக்கு மாடல்ஃபார்ம் (டேட்டாபேஸ் மாடலிலிருந்து உருவாகும் படிவம்), அதன் பொருட்களுக்கு இன்லைன் ஃபார்ம்செட் (பில்லோடு இணைந்த பல வரிசைப் படிவங்கள்), இரண்டும் ஒரே ஃபார்ம் டேகுக்குள். இதற்கு வழக்கமாகத் தேவைப்படும் தனித்தனி ப்ரிஃபிக்ஸ், மேனேஜ்மென்ட் ஃபார்ம், அட்டாமிக் பிளாக் எல்லாம் இருக்கிறது.

பொருளே இல்லாத பில் சேமிக்கப்படக் கூடாது, அதில்தான் சிக்கல். மின்_நம் (min_num, குறைந்தபட்ச வரிசை எண்ணிக்கை) 0 என்றால் எல்லா வரிசையும் காலியாக இருந்தாலும் வேலிடேஷன் தாண்டிவிடுகிறது, ஏனெனில் மாறாத கூடுதல் வரிசைகளை ஜாங்கோ கண்டுகொள்ளாது. மின்_நம் 1, கூடவே வேலிடேட்_மின் (validate_min, அந்தக் குறைந்தபட்சம் இருக்கிறதா என்று சோதிப்பது) வைத்தால் முதல் வரிசை கட்டாயமாகிவிடுகிறது. அதை விட்டு இரண்டாவதை நிரப்பியவருக்கும் பிழை! (பயனர் எப்போதும் இரண்டாவதில்தான் தொடங்குவார்.)

ஃபார்ம்செட்டின் கிளீனில் (clean, சோதனை எழுதும் மெத்தட்) நாமே எண்ணுவதுதான் வழியா? ஹேஸ்_சேஞ்ச்ட் (has_changed, வரிசை மாறியதா என்று சொல்வது) மட்டும் பார்த்தால் திருத்தும் பக்கத்தில் உதைக்கும். ஏற்கெனவே சேமித்த வரிசைகள் மாறியிருக்காது. கிளீன்ட்_டேட்டா (cleaned_data, சோதித்து முடித்த தரவு) காலியா, டெலீட் குறியிருக்கிறதா என்று பார்த்து எண்ணலாம் என நினைக்கிறேன். இதைவிடச் சுருக்கமான வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.