போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் உங்களை இன்னும் உறுத்தும் தருணம் எது?

கணித ஆசிரியை:
பள்ளி ஊழியர் ஒருவரைப் பற்றி ஏழாம் வகுப்பு மாணவி என்னிடம் சொன்னதைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தபோது, அவர் அவளை அழைத்து, "சாட்சி இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். அன்று மாலையே சிறார் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். மறுநாள் அவள் வீட்டுக்கு வந்த பெண் உதவி ஆய்வாளர், பிரிவு 24 சொல்கிறபடி சீருடையின்றிச் சேலையில் வந்திருந்தார். அவள் அவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, இருமுறை படித்துப் பார்த்த பிறகே பேசத் தொடங்கினாள்.

சிறுவனின் சித்தி:
என் அக்காள் மகனுக்கு 10 வயது. (ஆண் பிள்ளைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று எங்கள் உறவினர்கள் இன்றும் நம்புகிறார்கள், 18 வயது நிறையாத எல்லோருக்கும் பொருந்தும்.) குற்றஞ்சாட்டப்பட்டவரை அவன் காணாதபடி நீதிமன்றத்தில் திரை கட்டியிருந்தார்கள், அது தரைவரை எட்டவில்லை. அதுவரை தெளிவாகப் பதில் சொன்னவன், கீழே தெரிந்த பழுப்பு நிறச் செருப்பைக் கண்டதும் வாயடைத்துப் போனான். நீதிபதி விசாரணையை நிறுத்தி, அந்த ஆளை வேறு அறையில் அமர்த்திக் காணொலி வழியாகக் கவனிக்கச் செய்தார். பிரிவு 36 இரண்டுக்குமே இடம் தருகிறது.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:
ஆசிரியை அவசரப்பட்டுவிட்டார் என்பதே என் கருத்து. எங்கள் தெருவில் 17 வயதுப் பெண்ணுடன் ஊரைவிட்டுச் சென்ற 19 வயதுப் பையன் கைதானான். அவன் தாய் சோற்றுத் தூக்குடன் காவல் நிலைய வாசலில் நின்றதைப் பார்த்தேன். 16 வயதுக்கு மேற்பட்டோரின் விருப்ப உறவை இச்சட்டத்திலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பார்த்திபன் கூறியும் சட்டம் மாறவில்லை. ஆகவே ஆசிரியர்கள் முதலில் தீர விசாரிக்க வேண்டும், இரு தரப்பிடமும் எழுத்தில் வாங்க வேண்டும், பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும், ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வதும் நல்லது, பிறகுதான் காவல்துறை.

கணித ஆசிரியை:
ஐயா, தாங்கள் சொல்வது காதல் வழக்கு. என் மாணவிக்கு வயது 12. குற்றம் நடந்ததென அறிந்தாலோ நடக்கக்கூடுமென அஞ்சினாலோ தெரிவிக்க வேண்டும் என்றுதான் பிரிவு 19 சொல்கிறது. துப்புத் துலக்கும் வேலையை ஆசிரியருக்குத் தரவில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் அந்தப் பெண் என்ன பேசியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? சித்தி அவர்களே, பையன் பிறகு பேசினானா?

சிறுவனின் சித்தி:
பேசினான். ஆனால், கேள்விகளை நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்று பிரிவு 33 இருந்தும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேரே அவனைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்த பிறகுதான் நிறுத்தினார்.